நீர்த்தோல் சொன்னவரின் பெயர்

கருங்கல்லூரணியில் ஒரு மனுஷருடைய பெயர் உதிர ஆரம்பித்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், தெருக்குழாயடியில், குடம் நிறைந்து தளும்புகிற நேரத்தில். மாரிக்கனி என்று ஒருத்தி, பள்ளிக்கூடத்துப் பக்கம் மழைக்குக்கூட ஒதுங்காதவள், குடத்து விளிம்புக்கு மேலே லேசாகப் பொங்கியும் சிந்தாமல் நின்ற தண்ணீரைப் பார்த்து, "ஏட்டி, யாரும் தொட்டுறாதீங்க, நீர்த்தோல் கிழிஞ்சிரும்" என்றாள். பக்கத்தில் நின்றவளும், ஆமா, நீர்த்தோல், என்று தலையை ஆட்டினாள். அந்தச் சொல் அதுவரைக்கும் காலேஜ் வாசலைத் தாண்டி வெளியே கால் வைத்தது கிடையாது. அது குழாயடியில் புழங்கிய அதே நேரத்தில், மேலத்தெருவில் இயற்பியல் வாத்தியார் வீட்டு முகப்பில் பெயிண்டில் எழுதியிருந்த அவருடைய பெயர் ஒரே பொருக்காக உதிர்ந்து படியில் விழுந்தது. முன்னாலிருந்த இனிஷியல் இருந்தது, பின்னாலிருந்த எம்.எஸ்ஸி. இருந்தது, நடுவில் வெறும் சுவர் இருந்தது. அவர் பெண்டாட்டி செண்பகவடிவு வாசல் தெளிக்க வந்தவள் அதைப் பார்த்து, சுண்ணாம்பு சரியில்லை போல என்று விளக்குமாற்றால் கூட்டித் தள்ளினாள்.

இங்கிலீஷில் இருந்த பாடத்தையெல்லாம் இனித் தமிழில் நடத்தணும் என்று உத்தரவு வந்த காலம் அது. புத்தகம் வேண்டும், புத்தகத்துக்குச் சொல் வேண்டும், சொல்லுக்கு எங்கே போவது? ஊருக்கு ஒருத்தர் உட்கார்ந்து செய்தார்கள். இவரும் செய்தார். கத்தி முனை படாதவரைக்கும் தண்ணீர் தன்னைத்தானே இறுக்கிப் பிடித்துக்கொள்கிறதே, அதற்கு நீர்த்தோல். விளக்குத் திரியில் எண்ணெய் யாரும் தூக்கிவிடாமல் மேலே ஏறுகிறதே, அதற்குத் திரியேற்றம். கொள்ளிக்கட்டையைச் சுழற்றினால் நெருப்பு வளையம் தெரிகிறதே, போன நெருப்பு போன பிறகும் கண்ணில் மிச்சம் நிற்கிறதே, அதற்குக் கண்ணெச்சம். ஒவ்வொரு சொல்லுக்கும் அவர் பட்ட பாட்டை வடிவு பார்த்திருக்கிறாள். சோற்றைப் பிசைந்தபடியே உட்கார்ந்திருப்பார், கை காய்ந்து போகும்.

இந்த வித்தையை அவர் எங்கே படித்தார் என்றால், கல்யாணமான புதிதில், அவளிடம்தான் படித்தார். அந்த ஊர்ப் பக்கத்தில் பெண்டாட்டி புருஷன் பெயரைச் சொல்ல மாட்டாள், சொன்னால் அவன் ஆயுசு குறையும். பெயரை மட்டுமில்லை, பெயருக்குள் இருக்கிற சொல்லையும் எடுக்க மாட்டாள். இவருடைய பெயரின் முன்பாதி வெயில். கரிசல் காட்டில், வருஷத்தில் முக்கால்வாசி நாள் வெயிலைத் தவிர வேறு பேச்சே இல்லாத பூமியில், வெயில் என்று சொல்லாமல் ஒருத்தி குடித்தனம் நடத்தணும். வடிவு நடத்தினாள். காலையில் இருப்பது இளஞ்சூடு, பத்து மணிக்கு மேல் வருவது காந்தல், நடுப்பகல் என்றால் உச்சிக்காந்தல், சாயங்காலம் சுவரில் விழுவது மஞ்சப்பூச்சு. "வத்தலை உச்சிக்காந்தல்ல போட்டிருக்கேன், மேகம் கூடுனா அள்ளிருங்க" என்று அவள் சொல்லிவிட்டுப் போன அன்று, புது மாப்பிள்ளை விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்துக்கொண்டே இருந்தவர் சட்டென்று நிறுத்திவிட்டார். ஒரு பொருளை அதன் பழைய பெயரைத் தொடாமலே வேறொரு பக்கமாகப் போய்ப் பிடித்துத் தூக்க முடியும் என்பது அவருக்கு அன்றைக்குத்தான் விளங்கியது. அதற்கப்புறம் அவர் செய்த சொல் அத்தனையும் அந்த வற்றல் காய்ந்த மொட்டைமாடியிலிருந்து வந்ததுதான்.

சொல் ஊருக்குள் நடக்க நடக்க, பெயர் ஒவ்வொரு இடமாகக் காலி பண்ணிக்கொண்டு போயிற்று. திரியேற்றம் என்று கோயில் பண்டாரம் சொன்ன வாரத்தில் ரேஷன் கார்டிலிருந்து போயிற்று. ரேஷன் கடைக்காரர் அந்த வெற்றிடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, குடும்பத் தலைவர் என்பதற்கு நேரே 'இருக்கிறார்' என்று எழுதி, சீனியை அளந்து போட்டார். விலாசத்தில் ஆள் பெயரே இல்லாமல் தபால் வந்தால் தபால்காரர் யோசிக்காமல் மேலத்தெருவுக்குக் கொண்டுவந்தார், ஒருநாளும் தப்பியதில்லை. அம்மன் கோயிலில் அர்ச்சனைக்குப் பெயர் கேட்ட குருக்கள், நட்சத்திரத்தைச் சொல்லிவிட்டுப் பெயருக்கான நேரம் மணியை ஆட்டிக்கொண்டு சும்மா நின்றார். அம்மனுக்குத் தெரியாதா யார் என்று.

கடைசியாக வாய்களிலிருந்தும் போயிற்று. ஊர் அதற்குப் பதறவில்லை. பேச்சில் அவருடைய பெயர் வரவேண்டிய இடத்தில் ஒரு மூச்சு விட்டுவிட்டு மேலே பேசினார்கள், பந்தியில் வரப்போகிறவருக்கு ஒரு இலை போட்டு வைக்கிற மாதிரி. டீக்கடையில், பஸ் ஸ்டாண்டில், தீப்பெட்டி ஆபீஸில் அந்த மூச்சு கேட்டால், வாத்தியாரைத்தான் சொல்கிறார்கள் என்று தெரிந்துகொண்டார்கள். வெளியூர்க்காரர்கள் மட்டும், இந்த ஊர்க்காரர்களுக்கு ஏன் நடுநடுவே இளைப்பு வருகிறது என்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

இதற்கெல்லாம் காரணம் என்ன என்று பிடித்துச் சொன்னவர் தமிழ்ப் புலவர் சங்கரலிங்கம். அவருக்கு ஓயாத வாய், ஆனால் அன்றைக்கு மெதுவாகத்தான் பேசினார். விளக்கு வைக்கிற நேரம், டீக்கடையில் பல்பைப் போட்டார்கள், எல்லாரும் வழக்கம்போலக் கண்ணில் ஒற்றிக் கும்பிட்டார்கள்.

"மின்சாரம்னு சொல்லுதோம். யாரு சொன்னது?" என்றார் புலவர். "வானத்துல கெடக்கிற வெளிச்சத்தை விண்மீன்னு, மீன்னு, எவனோ ஒருத்தன் முதமுதல்ல சொல்லியிருக்கான்ல. அதுக்கு முன்னாடி அது சும்மா மினுங்கிக்கிட்டு இருந்திருக்கு. ஒரு வாய் தெறந்து சொல்லியிருக்கு. அந்த வாய்க்கு ஒரு பேரு இருந்திருக்கும்ல? எங்க அது? சொல்லு எடுத்துக்கிட்டுப் போயிட்டு. ஒரு சொல்லு ஊரு ஊராப் போகணும்னா சொன்னவன் பேரைத் தின்னுட்டுத்தான்டே போகும்."

டீ ஆறிப்போயிற்று. அப்போதுதான் முதல் மீன் கிழக்கே முளைத்தது, அதைத் தொடர்ந்து ஒவ்வொன்றாக முளைத்தது, கடைக்காரர் கையில் கிளாஸோடு வெளியே வந்து அண்ணாந்து நின்றார், எல்லாரும் நின்றார்கள். எத்தனை சாமானுக்குப் பின்னால் எத்தனை பேர், பெயரைக் கொடுத்துவிட்டுப் பேர் இல்லாமல் நிற்கிறார்கள்! தராசுக்குப் பின்னால் எடை என்று சொன்னவன், ஆற்றுக்குப் பின்னால் வேகம் என்று சொன்னவள், நிழலுக்குப் பின்னால் நிழல் என்று சொன்ன ஏதோ ஒரு பிள்ளை. அன்றிலிருந்து கருங்கல்லூரணியில் விளக்கைப் போட்டதும் கும்பிடுகிறவர்கள், சாமியைக் கும்பிட்டு முடித்த கையோடு, சொன்னவங்களுக்கும் ஒண்ணு, என்று இன்னொரு கும்பிடு போட ஆரம்பித்தார்கள்.

வாத்தியாருக்கு இதெல்லாம் சந்தோஷமாக இருந்தது. அவர் வீட்டில் பிள்ளைகுட்டி கிடையாது, அதனால் இன்னார் அப்பா என்று கூப்பிடவும் வழியில்லை. "பேரு இப்படிப் போய்க்கிட்டே இருக்கே, உங்களுக்கு ஒண்ணும் தோணலையா?" என்று வடிவு கேட்டதற்கு, "சொல்லு தூரந்தொலைவு நடக்கணும்ல வடிவு. காலுக்குச் செருப்பு வேண்டாமா? என் பேரை மாட்டிக்கிட்டுப் போகுது. போகட்டுமே" என்றார்.

வடிவு சிரித்தாள். சிரித்துக்கொண்டே தன் மனசுக்குள் போய்த் தடவிப் பார்த்தாள். பெயர் அங்கே இருந்தது. முன்பாதியும் இருந்தது, பின்பாதியும் இருந்தது, ஒரு எழுத்து குறையவில்லை. ஊரெல்லாம் அந்தப் பெயரைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தேய்த்திருந்தது, அவள் ஒருத்திதான் வாயிலேயே எடுத்ததில்லை. உடுத்தாமல் மடித்து வைத்த கூறைப்புடவை மாதிரி அது மடிப்புக் கலையாமல் கிடந்தது. தினமும் காலையில் கண் முழித்ததும் அவள் அதைப் பார்த்துவிட்டுத்தான் எழுந்தாள். இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை, அவரிடம் கூட.

சொல் ஊர் எல்லையைத் தாண்டிய பிறகுதான் வினை வந்தது. தலையில் கட்டியிருந்த ஈரத்துண்டு காயவில்லை என்றார் வாத்தியார் ஒருநாள். மொட்டைமாடியில் உச்சிக்காந்தலில் நின்றுவிட்டு வந்தார், துண்டு அப்படியே சொட்டிக்கொண்டிருந்தது. வடிவு கூடவே ஏறிப் போய்ப் பார்த்தாள். கொடியில் கிடந்த சேலை காய்ந்தது, வற்றல் காய்ந்தது, அவர்மேல் மட்டும் அந்தக் காந்தல் விழவில்லை, ஓரமாக ஒதுங்கி விலகிப் போயிற்று. அவர் பெயருக்கு முன்பாதி கொடுத்ததே அவரை அடையாளம் தெரியாமல் தாண்டிப் போயிற்று. அவள் அவர் கையைப் பிடித்தாள். கை சில்லென்றிருந்தது.

அதற்கப்புறம் கூப்பிட்டால் திரும்புவது நின்றது. கடைத்தெருவில் அவள், "ஏங்க" என்றாள், தராசுக்காரர் திரும்பினார், மளிகைக்காரர் திரும்பினார், சைக்கிளில் போன யாரோ கூடக் காலை ஊன்றித் திரும்பிப் பார்த்தார், அவர் போய்க்கொண்டே இருந்தார். ஏங்க என்பது எல்லாப் புருஷனுக்கும் பொதுச்சொத்து, அதில் அவருக்கென்று ஒன்றும் மிச்சமில்லை.

ஊர் தன்னாலானதைச் செய்து பார்த்தது. புலவர் வந்து வாசலில் உட்கார்ந்தார். "தாயீ, உனக்குத் தெரியும்னு எனக்குத் தெரியும். நீ சொல்ல வேண்டாம். எதைச் சொல்ல மாட்டேன்னு மட்டும் காட்டு, நாங்க கூட்டிக் கண்டுபிடிச்சிக்கிடுதோம்" என்றார்.

வடிவு மேலே கையைக் காட்டினாள்.

"வானமா? சூரியனா? ஓ, வெயிலு. நீதான் அதைக் காந்தல்ம்பியே. சரி, வெயிலு. அப்புறம்?"

அவள் காதுத் தோட்டில் இருந்த வெள்ளைக் கல்லைத் தொட்டாள், கடல் பக்கம் கையை நீட்டினாள், சிப்பியைத் திறப்பதுபோல் விரலை விரித்தாள். புலவர் முகம் மலர்ந்தது. "வெயிலு..." என்றார், வாயைத் திறந்தார், அந்தப் பின்பாதி கையில் பிடித்த விரால்மீனாக வழுக்கிப் போயிற்று. மறுபடி பிடித்தார், மறுபடி போயிற்று. சாயங்காலம் வரைக்கும் புலவர் அங்கேயே உட்கார்ந்து வெயிலு வெயிலு என்று சொல்லிக்கொண்டிருந்தார். தபால்காரர் ஒரு பேனாவைக் கொடுத்து, "வாயால சொன்னாத்தான அக்கா குத்தம், எழுதுங்க" என்றார். அவள் எழுதினாள். பேனா ஓடியது, மை ஓடவில்லை. இந்தப் பெயரைத் தாங்குவதற்கு இனி வாய் ஒன்றுதான் மிச்சம், அதுவும் ஒரே ஒரு வாய்.

ஆனால் வடிவு சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று தெரிய எதிர்வீட்டுப் பொன்னுத்தாயைத் தெரிய வேண்டும். பொன்னுத்தாய் வயசில் மூத்தவள், வடிவுக்கு மதினி முறை. அவள் புருஷன் கிணறு வெட்டுகிறவன். கஞ்சி கொண்டுபோன ஒரு பகலில், அவள் கண் முன்னால் கயிறு அறுந்தது. அவள் தன்னை மறந்து அவன் பெயரைச் சொல்லிக் கத்திவிட்டாள். அவன் பிழைக்கவில்லை. கயிறு பழசு என்று கூட இருந்தவர்கள் சொன்னார்கள், பொன்னுத்தாய் கேட்கவில்லை. நான் வாயைத் தெறந்தேன், அவரு போயிட்டாரு, என்றே சொல்லிக்கொண்டிருந்தாள், தலை நரைக்கும் வரைக்கும். வடிவு அதைக் கேட்டுக்கேட்டு வாழ்ந்தவள். சொல்லாவிட்டால் அவர் இப்படியே கரைந்து போவார், சொன்னால் பட்டென்று போய்விட்டால்? எந்தப் பக்கம் திரும்பினாலும் கிணறுதான்.

அந்த வெள்ளிக்கிழமை மத்தியானம், எங்கோ வடக்கே, பெயர் தெரியாத ஊரில் ஓடுகிற பஸ்ஸில், யாரோ ஒரு தாய் ஜன்னலில் ஒரே கோடாக இழுபட்டு ஓடுகிற மரங்களைக் காட்டித் தன் பிள்ளையிடம் கண்ணெச்சம் என்று சொல்லியிருக்க வேண்டும். சாப்பாட்டு இலை முன்னால் உட்கார்ந்திருந்த வாத்தியார், யாரோ கூப்பிட்டதுபோல எழுந்தார். செருப்பை மாட்டினார். வாசலைத் தாண்டினார். தெருவில் இறங்கி வடக்கே பார்த்து, தன் சொற்கள் போன ரோட்டில் நடக்க ஆரம்பித்தார். அவசரமே இல்லாத நடை, நிற்கவும் நிற்காத நடை.

"சார்வாள்" என்றது டீக்கடை. திரும்பவில்லை. "அண்ணாச்சி" என்றார் தபால்காரர். "மாமா" என்றார்கள், "அத்தான்" என்றார்கள், "தம்பி, ஏ தம்பி" என்று புலவர் குரல் உடைய ஓடினார். ஒவ்வொரு முறையும் வேறு யாரோ திரும்பினார்கள். ஊரே அவர் பின்னால் நடந்தது, தேர் பின்னால் போகிற கூட்டம் மாதிரி, ஆனால் சத்தமில்லாமல். யாரும் அவரைப் பிடித்து நிறுத்தத் துணியவில்லை என்று சொல்ல முடியாது, பிடித்தார்கள், கைக்குச் சில்லென்ற காற்று மட்டும் பட்டது. எல்லைக்கல்லைத் தாண்டிவிட்டால் அப்புறம் அவரும் ஒரு சொல்தான், எந்த வாயிலும் இருப்பார், எந்த வீட்டிலும் இருக்க மாட்டார் என்று ஊருக்குத் தெரிந்திருந்தது.

வடிவு கரண்டியும் கையுமாக ஓடிவந்தாள். எல்லைக்கல்லுக்கு முன்னாலுள்ள வேப்பமரத்தில் கையை ஊன்றி நின்றாள். வாயைத் திறந்தாள். பெயர் நாக்கின் நுனிவரைக்கும் வந்தது. கிணறு வந்தது, கயிறு வந்தது, வாயை மூடிக்கொண்டாள். அவர் கல்லை நெருங்கிக்கொண்டிருந்தார்.

பொன்னுத்தாய் மூட்டுவலியோடு நொண்டி நொண்டி வந்து அவள் தோளைப் பிடித்தாள். மூச்சு வாங்கியது.

"வடிவு, கேளு. இத்தனை வருசமா நான் பாதியத்தான் சொல்லியிருக்கேன். எனக்கே இப்பத்தான் நெனப்பு வருது. நான் கத்துனேன்ல, அப்ப அந்த மனுசன் அண்ணாந்து பாத்தாரு. என்னைப் பாத்தாரு. கயிறு அறுந்தது அதுக்கு முன்னாடியே. கீழ போறவரு என் சத்தத்தைக் கேட்டு, மூஞ்சியத் தூக்கி, என்னைப் பாத்துட்டுத்தான் போனாரு. கூப்பிடாம இருந்திருந்தா அவரு மண்ணைப் பாத்துக்கிட்டுப் போயிருப்பாருட்டி. கூப்பிடு. போறதா இருந்தாலும் உன்னைப் பாத்துட்டுப் போகட்டும்."

வடிவு கூப்பிட்டாள்.

"வெயிலுமுத்து."

அவ்வளவுதான். அங்கே நின்ற ஒரு மனுஷர் பாக்கியில்லாமல் எல்லாருக்கும் மயிர்க்கூச்செறிந்தது. எத்தனையோ தடவை அவர்களே கூப்பிட்ட பெயர், டிக்கெட் கொடுக்கிறபோதும் திட்டுகிறபோதும் வாயில் போட்டு மென்ற பெயர், இப்போதுதான் முதல்முறையாகச் சொல்லப்படுகிற மாதிரி வந்தது, வானத்தைப் பார்த்து மீன் என்று ஒருத்தன் முதலில் சொன்னபோது அது எப்படிக் கேட்டிருக்குமோ அப்படிக் கேட்டது. பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். புலவர் கையெடுத்துக் கும்பிட்டார். இத்தனை நாளும் விலகி விலகிப் போன வெயில், நடுப்பகல் வெயில், முழுசாக அவர்மேல் இறங்கியது. தலையில் இருந்த துண்டிலிருந்து ஆவி பறந்தது. காலடியில் நிழல் வந்து உட்கார்ந்தது.

வெயிலுமுத்து எல்லைக்கல்லில் ஒரு கையை வைத்தபடி திரும்பினார்.

ஆயுசு குறைந்ததா என்று கேட்பீர்கள். குறைந்திருக்கலாம், அவர் எவ்வளவு நாள் இருக்கவேண்டியவர் என்று யாருக்குத் தெரியும்? அவர் அதற்கப்புறமும் நெடுநாள் இருந்தார், நிறையச் சொல் செய்தார், அவையும் நடந்து போயின. ஆனால் அந்தப் பெயர் பிறகு எங்கும் உதிரவில்லை. இன்றைக்கும் கருங்கல்லூரணியில் மின்சாரம் யார் சொன்ன சொல் என்று கேட்டால், ஒரு மூச்சு விட்டு, ஒரு கும்பிடு போடுவார்கள். நீர்த்தோல் யார் சொன்ன சொல் என்று கேட்டால், வெயிலுமுத்து என்பார்கள். உங்களுக்கெப்படித் தெரியும் என்றால், அவர் பெண்டாட்டி சொல்லித்தான் என்பார்கள்.

அன்றைக்கு, கல்லருகில் நின்று, அவர் முதலில் பார்த்தது அவள் காலை. தார் ரோடு உருகிக் கிடந்தது, அவள் வெறுங்காலோடு நின்றாள்.

"வடிவு, என்ன இது, கால்ல ஒண்ணுமில்லாம ஓடியாந்திருக்க?"

"வெயிலுதானே" என்றாள் அவள். அந்தச் சொல்லை அவள் தன் குடித்தனத்தில் முதல்முதலாகச் சொன்னாள். நாக்கு அதற்குப் பழகவில்லை, இன்னொரு தடவை சொல்லிப் பார்த்தாள். "வெயிலு. வெயிலுன்னா சுடத்தான் செய்யும்." சொல்லிவிட்டு, ஊர் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க, கரண்டியைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

வெயிலுமுத்து குனிந்து தன் செருப்பைக் கழற்றி அவள் கால் முன்னால் போட்டார். அது அவளுக்குப் பெரிசு, நடந்தால் பட் பட்டென்று அடித்தது. அவர் பக்கத்தில் வெறுங்காலோடு, ஸ், ஆ, என்று துள்ளித் துள்ளி நடந்தார். இலையில் போட்ட சோறு ஆறியிருக்கும் என்று அவள் சொன்னாள். பரவாயில்லை, வா, என்றார்.